பதிவேட்டு அறைச் சுவரோரம்

செபமாலை தன் புருஷனைக் கொல்லப் பார்த்தாள் என்று மைசூர் மண்டி மொஹல்லாவில் இன்றும் சொல்கிறவர்கள் உண்டு. அந்தப் புருஷனைப் பார்த்துக்கொள்ளப் போனவள் நான். நோயாளிகளைப் பராமரிக்கப் பயிற்சி எடுத்து, முதலில் ஆஸ்பத்திரி வார்டுகளிலும் பிறகு வீடுகளிலும் வேலை செய்தவள். நான் பார்த்ததையும் செபமாலை சொன்னதையும் எழுதுகிறேன்.

தானியக் கடைகளுக்குப் பின்னால் இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தால் ஒன்று நிற்க வேண்டிய சந்து. அதன் முடிவில் அடைக்கல மாதா கோயில். கோயிலை ஒட்டி, அந்தக் கோயில் மக்களின் காரியங்களைக் கவனிக்கிற பங்கு அலுவலகம். அதற்குப் பின்னால் பதிவேட்டு அறை. அந்த அறையோடு ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் சின்ன வீடு. வீடும் கோயிலுடையதுதான். பதிவேடுகளைப் பார்த்துக்கொள்பவர் குடியிருக்கக் கொடுப்பது அங்கே வழக்கம். பதிவேடு இருக்கிறவரைதான் அந்த வீடு. செபமாலையின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இது ஒன்று தெரிந்தால் போதும்.

அவள் மார்டள்ளிப் பக்கத்துப் பெண். மாதேஸ்வரன் மலைக்குப் போகிற வழியில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் நிறைந்த ஊர்கள் இருக்கின்றன, அதில் ஒன்று. கன்னியர் மடத்து விடுதியில் தங்கிப் படிக்க மைசூருக்கு வந்தாள். தட்டச்சு கற்றாள். கையெழுத்து அச்சுப்போல இருந்ததால் பங்கு அலுவலகத்தில் உட்கார வைத்தார்கள். அங்கேயே வண்டி ஓட்டிக்கொண்டிருந்த, தன் ஊர்ப் பக்கத்துக்காரரான இன்னாசியைக் கட்டிக்கொண்டாள். பிள்ளை இல்லை. அதைப் பற்றி யாராவது கேட்டால், "ஊரு பிள்ளைங்க எல்லாம் என் அலமாரியிலதானே இருக்குது" என்பாள்.

அது உண்மைதான். அந்தக் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவர்கள், கல்யாணம் செய்தவர்கள், அடக்கம் செய்யப்பட்டவர்கள் எல்லார் பெயரும் மூன்று இரும்பு அலமாரிகளில் இருந்தன. பழைய புத்தகங்கள் லத்தீனில். பிறகு வந்தவை தமிழில், கன்னடத்தில், ஆங்கிலத்தில். பள்ளிக்கூடத்துக்கு, பாஸ்போர்ட்டுக்கு, கல்யாணத்துக்கு என்று சான்றிதழ் கேட்டு ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். ஒருவருக்கு வேறு எந்த ஊரில் கல்யாணம் நடந்தாலும், ஞானஸ்நானம் பெற்ற கோயிலுக்குத் தகவல் அனுப்புவார்கள். அவர் பெயருக்கு எதிரே, ஓரத்தில், இவள் அதைக் குறித்து வைப்பாள்.

ஒரு தடவை பெங்களூரிலிருந்து ஓர் ஆள் ஜிப்பாவும் சென்ட்டுமாக வந்து, கல்யாணம் வைத்திருக்கிறோம், சான்றிதழ் வேண்டும் என்றான். செபமாலை பக்கத்தைப் புரட்டினாள், ஓரத்தைப் பார்த்தாள், புத்தகத்தை மூடினாள்.

"உங்களுக்கு ஏற்கனவே ஆயிருச்சே தம்பி. ஹாசன்ல. பொண்ணு பேரு சொல்லட்டுமா?"

அவன் வந்த ஆட்டோவையே நிறுத்தி ஏறிப் போனான். இந்தக் கதையை அவள் எல்லாருக்கும் சொல்லுவாள். கடைசியில், "ஓரத்துல எழுதுனதுதான் மனுஷன் மறைக்கிறது" என்று சேர்த்துக்கொள்வாள்.

இன்னாசிக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போன பிறகுதான் நான் அங்கே போனேன். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புவேன். குளிப்பாட்டுவது, உணவு ஊட்டுவது, புரட்டிப் போடுவது, இடது கைக்குப் பயிற்சி கொடுப்பது. பேச்சுதான் போயிற்றே தவிர புத்தி போகவில்லை. வேண்டாம் என்றால் தலையை ஆட்டுவார். வேண்டும் என்றால் இடது கையால் காட்டுவார். இரவில் செபமாலையே எழுந்து எழுந்து புரட்டிப் போடுவாள்.

அந்த வருஷம் பதிவேட்டு அறையின் கூரை ஒழுகியது. கரையான் வந்தது. ஒரு கல்யாணப் பதிவேட்டின் மூலையை அரித்து மாவாக்கிவிட்டது. புதிதாக வந்திருந்த பங்கு ஃபாதர் கன்னடக்காரர், தமிழ் கொஞ்சம் பேசுவார். நல்ல மனுஷன். அரித்த புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இதெல்லாம் ஸ்கேன் பண்ணி, ஆயர் இல்லத்துக்கு அனுப்பிடலாம் அம்மா. உங்களுக்கும் ரெஸ்ட்."

"ரெஸ்ட் எடுத்துக்கிட்டு எங்க போய்ப் படுக்கிறது ஃபாதர்?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. மழைக்காலத்தில் பிஷப் இருக்கிற ஆயர் இல்லத்திலிருந்து பதிவேடுகளைப் பார்வையிட ஆட்கள் வருவார்கள், அப்போது முடிவு செய்யலாம் என்று சொல்லிவிட்டு அவர் போனார். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. புத்தகத்தில் ஒரு பூச்சி தெரிந்தால் புத்தகம் போகும், புத்தகம் போனால் வீடு போகும், வீடு போனால் அந்த மனுஷனைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? வேப்பிலை வைத்தாள், வசம்பு வைத்தாள், அந்துருண்டை வைத்தாள். கரையான் இவற்றுக்கெல்லாம் மசியவில்லை.

கோயில் திருவிழா அன்னதானத்துக்கு அரிசி கொடுக்கிற கடைக்காரர் சென்னப்பன். கிறிஸ்தவர் இல்லை, ஆனால் மாதாவுக்கு வேண்டிக்கொண்டவர். அவரிடம் போய் அழாத குறையாகச் சொல்லியிருக்கிறாள்.

"என் குடோன்ல ஒரு வண்டு பாத்திருக்கியாம்மா நீ?" என்று கேட்டு, ஒரு சின்ன அலுமினிய டப்பாவை எடுத்துக் கொடுத்தாராம். "மூட்டைக்கு வெக்கிற மாத்திரை. துணியில முடிஞ்சு அலமாரியில வெச்சிரு. கதவ நல்லா சாத்திரு. சும்மா சும்மா தெறக்காத. கையில தொடாத."

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அவருடைய குடோனில் யாரும் படுத்துத் தூங்குவதில்லை. அதைச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. கேட்க இவளுக்கும் தோன்றவில்லை.

மாத்திரை வேலை செய்தது. கரையான் செத்தது. வெள்ளிப் பூச்சிகூட ஒன்று கண்ணில் படவில்லை. செபமாலை முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது. பழையது தூளானதும் புதியது வைத்தாள். பதிவேட்டு அறைக்குள் எனக்கு வேலை இல்லை. அந்துருண்டைதான் வைக்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. எல்லா ஜன்னலும் சாத்தியபடி இருந்தன. பதிவேட்டு அறைக்கும் இன்னாசி படுத்திருந்த அறைக்கும் நடுவே இருந்த சுவரில், மேலே ஒரு வென்டிலேட்டர். கண்ணாடி உடைந்து, அட்டை ஒன்று சொருகியிருந்தது. அதற்குக் கீழே சுவரில் ஒரு பாடுபட்ட சுரூபம், சிலுவையில் இயேசு.

இன்னாசிக்கு முதலில் சோறு பிடிக்கவில்லை. பிறகு வாந்தி. கிளினிக் டாக்டர் வாயு என்று மாத்திரை எழுதினார். வாந்தி நிற்கவில்லை. மூச்சு சில நேரம் இழுத்தது. அதோடு ஒரு புதுப் பழக்கம்: இடது கையைத் தூக்கிச் சுவரைக் காட்டுவார். திரும்பத் திரும்பக் காட்டுவார். காட்டிவிட்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, உடம்பை அந்தப் பக்கமே நகர்த்தப் பார்ப்பார். இரண்டு தடவை கட்டிலிலிருந்து விழப் போனார்.

"என்னண்ணா வேணும்? தண்ணியா? மேல போர்வையா?" என்று கேட்பேன். தலையை ஆட்டுவார். மறுபடி சுவரைக் காட்டுவார்.

செபமாலைக்குப் புரிந்துவிட்டது. அப்படி அவள் நினைத்தாள்.

"சுரூபத்தக் காட்டுறாருக்கா. போற நேரம் வந்துருச்சுன்னு அவருக்குத் தெரியுது. எண்ணெய் பூசச் சொல்றாரு."

"வாந்தி எடுக்கிற மனுஷன் எண்ணெயா கேப்பார்? ரத்தம் பரிசோதிக்கணும்."

"உனக்கு எங்க முறை தெரியாதுக்கா. விடு."

ஃபாதரை அழைத்தாள். சாகும் நிலையில் இருப்பவர்களுக்கு எண்ணெய் பூசி ஜெபிப்பது அவர்கள் வழக்கம். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள். இடம் போதாமல் வாசல் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்கள். நெற்றியிலும் கையிலும் ஃபாதர் எண்ணெய் வைத்தார். அன்று சாயங்காலம் இன்னாசி வாந்தி எடுக்கவில்லை. அரைத் தம்ளர் கஞ்சி குடித்தார்.

"பாத்தியாக்கா?" என்றாள்.

மறுநாள் அவள் ஒரு காரியம் செய்தாள். அவர் கை சுரூபத்தைத் தொடும்படி, கட்டிலை இழுத்துச் சுவரோடு ஒட்டிப் போட்டாள். ஜன்னலைச் சாத்தினாள். இன்னாசி கத்தினார். வார்த்தை வராத கத்தல். நான் கட்டிலை மறுபடி நடுவே தள்ளினேன். நான் சாயங்காலம் போன பிறகு அவள் திரும்பவும் இழுத்துவிட்டாள். இப்படிச் சில நாள் நடந்தது. எனக்கும் அந்த வீட்டுக்குள் போனால் தலை கனத்தது. பஸ் நிறுத்தம் வருவதற்குள் சரியாகிவிடும். வயசு என்று விட்டேன்.

ஆயர் இல்லத்து ஆட்கள் வருகிற நாள் காலை. ஊற்றுகிற மழை. நான் கதவைத் திறந்ததும் மூக்கில் பூண்டு வாடை அடித்தது. பூண்டும் அழுகின மீனும் கலந்தாற்போல.

"பூண்டு உரிச்சியா?"

"இல்லியே. அடுப்பே பத்த வெக்கல."

கட்டில் சுவரோடு இருந்தது. கட்டிலுக்கு அடியில் இரண்டு பல்லி செத்துக் கிடந்தது. மேஜைமேல் சர்க்கரை சிந்தியிருந்தது, ஓர் எறும்பு இல்லை. இன்னாசியின் உதடு நீலம் பாரித்திருந்தது. நாடி ஓடிற்று, நின்றது, ஓடிற்று.

குண்டலுபேட்டைப் பக்கத்து ஊர்களிலிருந்து, கடன்காரன் தொல்லை, காதல் தகராறு என்று தானிய மூட்டைக்கு வைக்கிற மாத்திரையை விழுங்கிய ஆட்களை வார்டுக்குத் தூக்கி வருவார்கள். அவர்கள் மூச்சில் அதே வாடை அடிக்கும். ஈரம் பட்டால் அந்த மாத்திரை விஷவாயுவாகக் கிளம்பும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. ஒரு தடவை அந்த வாடை மூக்கில் ஏறினால் மறக்காது.

"அந்த அலமாரியில என்னடி வெச்சிருக்க?"

"மூட்டை மாத்திரை. இன்னைக்கு வர்றாங்களேன்னு நேத்து மிச்சம் இருந்ததையும் வெச்சுட்டேன்."

இன்னாசி காட்டியது சுரூபத்தை இல்லை, அதற்கு மேலே இருந்த வென்டிலேட்டரை. கதவு, ஜன்னல் அனைத்தையும் திறந்தேன். சந்தில் பால் போட வந்தவனையும் ஃபாதரின் சமையல்காரரையும் கூப்பிட்டு, இன்னாசியைப் போர்வையோடு தூக்கிக் கோயில் முகப்பில் கொண்டுபோய்ப் போட்டோம். திரும்பிப் பார்த்தால் செபமாலை சாவிக்கொத்துடன் பதிவேட்டு அறைப் பக்கம் போகிறாள்.

"எங்க போற?"

"புத்தகத்த மேஜையில எடுத்து வெக்கணும்க்கா. பத்து மணிக்கு வந்துருவாங்க."

சாவியைப் பிடுங்கினேன். பிடுங்கும்போது அவள் கையில் ஒரு கீறல் விழுந்தது. அந்த அறையைப் பிறகு தீயணைப்பு ஆட்கள் முகமூடி போட்டுக்கொண்டு திறந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள், இதயத்துடிப்பைப் பார்க்க வயர் மாட்டினார்கள். விஷம் என்றால் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும், சொன்னார்கள். அஷ்வினி என்ற சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். சின்ன வயசு, குரலை உயர்த்தாதவர். கன்னடத்தில் கேட்டார், செபமாலை கன்னடத்திலேயே பதில் சொன்னாள். நான் தமிழில் எழுதுகிறேன்.

"மாத்திரை யார் வாங்கினது?"

"நான்தான்."

"பில்?"

"சும்மா குடுத்தார்."

"கட்டிலைச் சுவர்கிட்ட நகர்த்தினது யார்?"

"நான்தான்."

"அவர் கத்தலையா?"

"கத்தினார்."

"கத்தியும் நகர்த்தினீங்க. சாகிறவங்களுக்குப் பண்ற பூஜை, அதை ஏற்பாடு பண்ணினது?"

"நான்தான். அது பூஜை இல்ல, ஜெபம்."

"ஆள் நல்லா இருக்கும்போதே பண்ணிட்டீங்க. சாவார்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அதில் எதையும் செய்யவில்லை என்று செபமாலை மறுக்க முடியாது. ஒவ்வொன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்கே சந்தேகம் வரும்போல இருந்தது.

சென்னப்பனைக் கேட்டார்கள். "நான் அரிசிதான் குடுத்தேன். மாத்திரையா? எனக்கென்ன தெரியும்" என்று முடித்துக்கொண்டார். அந்த மாத்திரையைக் கண்டவருக்குக் கொடுத்தால் கடைக்காரருக்கு வினை, அவருக்குத் தெரியாதா? ஃபாதர் பொய் சொல்லவில்லை. அலமாரிச் சாவி அந்த அம்மாவிடம்தான் இருக்கும், உள்ளே என்ன என்று தனக்குத் தெரியாது என்றார். அதுவும் அவளுக்கு எதிராகத்தான் போயிற்று.

அஷ்வினி நோட்டை மூடிவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். "பாருங்க அம்மா. ஆள் பிழைச்சா விபத்து. போனா கேஸ். படுத்த படுக்கையா கிடக்கிற புருஷன்கிட்டேயிருந்து விடுதலை வேணும்னு நினைக்கிற பொண்டாட்டிங்கள நான் பாத்திருக்கேன்."

"நானும் பாத்திருக்கேன். உள்ள வாங்க" என்றேன்.

நர்ஸிடம் சொல்லி இன்னாசியை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். சட்டையைத் தூக்கி முதுகு, இடுப்பு, குதிகால் காட்டினேன். அத்தனை காலம் படுக்கையில் கிடந்த உடம்பு. ஒரு சிவப்புகூட இல்லை.

"படுக்கைப் புண் எங்கேயாவது தெரியுதா? பகல்ல நான் புரட்டுவேன். ராத்திரி புரட்டினது அவ. ராத்திரி பூராவும், தினமும். கொல்ல நினைக்கிறவ புரட்டிப் போடாம விட்டாலே போதும். புண்ணு வந்து, சீழ் வெச்சு, ஆளு தானா போயிருப்பார். யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. மாத்திரை எதுக்கு?"

அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். நான் சொன்னதை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

இன்னாசியின் இதயம் தாறுமாறாக ஓடி, பிறகு மெல்ல மெல்ல ஒழுங்குக்கு வந்தது. செபமாலை வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தபடியே இருந்தாள். வார்டுக்குள் விடவில்லை. அவளையும் பரிசோதித்தார்கள். அவளுக்கும் தலைவலியும் மூச்சுத்திணறலும் இருந்திருக்கின்றன. பயத்தினால் என்று நினைத்திருக்கிறாள்.

டிஸ்சார்ஜ் அன்று இன்னாசியின் தம்பி சவரிமுத்து மார்டள்ளியிலிருந்து வேனோடு வந்துவிட்டான். மக்காச்சோளமும் மஞ்சளும் போடுகிற விவசாயி.

"அண்ணன நான் கூட்டிட்டுப் போறனுங்க. இவகிட்ட விட்டா அடுத்த தடவ பொணமாத்தான் குடுப்பா."

"சவரி, நான்…" என்றாள் செபமாலை.

"நீங்க பேசாதீங்க அண்ணி. புஸ்தகத்தக் கட்டிக்கிட்டு அழுங்க."

விபத்து என்று எழுதினாலும், கொஞ்ச நாள் தம்பி வீட்டில் இருக்கட்டும் என்றுதான் போலீஸும் சொன்னது. வேனில் ஏற்றும்போது இன்னாசி இடது கையால் செபமாலையின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். சவரிமுத்து விரல் விரலாகப் பிரித்தான்.

"போகட்டும்க்கா. உயிரோட இருக்கட்டும்" என்று என்னிடம் சொன்னாள். "நீ கூடப் போய் எப்படிப் பாத்துக்கணும்னு அவங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டு வா."

கொள்ளேகால், ஹனூர் தாண்டிப் போய்ச் சேர மத்தியானம் ஆயிற்று. நல்ல வீடு. அண்ணனுக்கென்று பக்கத்து அறையைக் கழுவி, புதுப் பாய், புதுத் தலையணை போட்டு வைத்திருந்தார்கள். சவரிமுத்துவின் பெண்டாட்டி அமலி பெருமையாகக் கதவைத் திறந்தாள். அறையின் பாதிக்குமேல் மக்காச்சோள மூட்டை, கூரை வரைக்கும். மேலே தார்ப்பாய் மூடி, ஓரத்தை மணல் பையால் அழுத்தியிருந்தது. மிச்சப் பாதியில் கட்டில்.

நான் வாசற்படியிலேயே நின்றேன்.

"உள்ள வாங்கக்கா."

"மூட்டைக்கு என்ன வெச்சிருக்கீங்க?"

"மாத்திரைதானுங்க, வேறென்ன" என்றான் சவரிமுத்து பின்னாலிருந்து. "வருஷா வருஷம் வெக்கிறது. முந்தாநேத்துதான் வெச்சோம். அது சாக்குக்குத்தானே வெக்கிறோம், மனுசனுக்கா வெக்கிறோம்?"

"செபமாலையும் புத்தகத்துக்குத்தான் வெச்சா."

அவன் சண்டைக்கு வருவதுபோல வாயைத் திறந்தான். பிறகு தார்ப்பாயைப் பார்த்தான். கட்டிலைப் பார்த்தான். அன்று ஆஸ்பத்திரியில் போலீஸ் கேட்ட கேள்விகளை இப்போது இவனைக் கேட்டால் இவன் என்ன சொல்லுவான்? மாத்திரை யார் வைத்தது, நான்தான். கட்டில் யார் போட்டது, நான்தான். அவன் அதைத்தான் யோசிக்கிறான் என்று முகத்தில் தெரிந்தது.

அமலி சன்னமான குரலில், "ஏனுங்க, பாப்பா மத்தியானத்துல இங்கதானே படுப்பா" என்றாள்.

அவள் எங்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். தார்ப்பாய்க்கும் சுவருக்கும் இடையே விரித்திருந்த சேலையிலிருந்து குழந்தையை வாரி எடுத்தாள். குழந்தை தூக்கம் கலைந்து வீறிட்டது. வீறிட்டது நல்லது. அமலியைக் களத்துக்குக் கூட்டிப்போய்க் காற்றில் உட்கார வைத்து, குழந்தையின் உதடு, நகம், மூச்சு எல்லாம் பார்த்தேன். சரியாக இருந்தது. இருந்தாலும் ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லி அதே வேனில் ஏற்றினேன்.

இன்னாசி அதுவரை வேனில்தான் இருந்தார். இறக்கவே இல்லை. சவரிமுத்து போனை எடுத்து செபமாலையைக் கூப்பிட்டான். "அண்ணி" என்றான். போனை என்னிடம் நீட்டினான்.

"கொள்ளேகால்ல குழந்தைய காட்டிட்டு நேரா அங்கதான் வர்றோம். அவரும் வர்றார்" என்றேன். "அலமாரி எல்லாம் எங்க இருக்குது?"

"கோயில் ஹால்ல கெடக்குதுக்கா. புத்தகம் என்ன ஆவும்னு தெரியல. ஃபாதர் நாளைக்குப் பேசலாம்னார். வீட்டப் பத்தியும்தான்."

"நாளைக்குப் பேசிக்கோ. இப்ப கதவு, ஜன்னல் எல்லாத்தையும் தொறந்து வை."

"தொறந்துதான்க்கா வெச்சிருக்கேன். சாத்தவே பயமா இருக்குது. மழை உள்ள அடிக்குது."

"அடிக்கட்டும். கட்டில மட்டும் நடுவுல போடு."